தெளிந்த ஓடை

ஓடையிலிருந்து விரிப்பைத் தூக்கி உதறியவளுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. தும்பைப்பூ வெள்ளை. மூடிப்போன சுரங்கத்திலிருந்து வரும் இந்தத் தண்ணீர், அவள் கல்யாணமாகி வந்த நாள் முதல், ஆரஞ்சு நிறத்தில்தான் ஓடியது. துணி வெளுத்துப் பிழைப்பவளை அது படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

"பாத்தீங்களா? உங்க மாமியார் பொண்ணு பேச்சைக் கேட்டா கெட்டுப்போக மாட்டீங்க," என்று தன்னைப் பற்றியே பெருமையடித்தாள்.

சுரங்க வடிகாலுக்குக் காவல்காரனான அவள் புருஷன் சிரிக்கவில்லை. கரைக்கல்லில் இருந்த ஈரக்கோட்டைப் பார்த்தான். தண்ணீர் அதற்கு ஒரு சாண் கீழே ஓடியது.

"கொறஞ்சிருக்கு," என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. நச்சரித்தவள் அவள்தானே. சுரங்கத் தண்ணீர் அமிலம். இரும்பு அதில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடக்கும். சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறித்தால், அந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருச்சேறாகப் பிரிந்து அடியில் படியும். அப்படிப் படியத்தான் வெளியே தொட்டி இருந்தது. அதையும் தாண்டிச் சேறு ஓடைக்கு வருகிறதே என்று, பெண்டாட்டி தொல்லை பொறுக்காமல், இந்த முறை சுண்ணாம்பு மூட்டைகளைச் சுரங்கத்துக்குள்ளேயே கொட்டிவிட்டு வந்திருந்தான்.

"சேறு உள்ளேயே தங்கிடும்னு நெனச்சேன். தங்கிடுச்சு. தண்ணி வெளிய வர்ற குழாய அடைச்சிக்கிட்டு நிக்குது."

"அப்போ தண்ணி எங்க போகுது?"

"எங்கயும் போகல. மலைக்குள்ளயே ஏறிக்கிட்டு நிக்குது."

கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்தான். "குத்திவிட்டுட்டு வரேன். நீ பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மேட்டுக்குப் போ."

போகாதீங்க என்று சொல்ல வாயெடுத்தாள். கீழே, ஓடை திரும்பும் இடத்தில், மகளும் கைக்குழந்தையும் இருக்கும் வீடு. சொல்லவில்லை.

விரிப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். குழந்தையை இடுப்பில் இடுக்கி, மகளை இழுத்துக்கொண்டு மேடேறித் திரும்பியபோது ஓடை நின்றே போயிருந்தது. கற்கள் வெயிலில் காய்ந்தன. மலையிலிருந்து இரும்பு கல்லில் மோதும் சத்தம், ணங், ணங் என்று வந்துகொண்டிருந்தது. அது கேட்கும்வரை பயமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சத்தம் நின்றது.

"அப்பா எங்கம்மா?"

அவள் கீழே பார்த்தாள். வறண்ட ஓடையில் அவள் விட்டுவந்த விரிப்பு வெள்ளையாகக் கிடந்தது. மேலிருந்து ஆரஞ்சுக் கோடு ஒன்று, விரல் அகலத்தில், கற்களுக்கிடையே மெல்ல இறங்கி வந்து அதன் ஓரத்தைத் தொட்டது. துணி அதை உறிஞ்சத் தொடங்கியது.