முழுவதும் படித்தேன்

அந்தப் புத்தகக் கடையில் ஒரு விதி உண்டு. வாசலைப் பார்த்த அலமாரியில் ஒரு புத்தகத்தை வைப்பவர், கூடவே கையகல அட்டை ஒன்றையும் வைக்க வேண்டும். இந்தப் புத்தகம் யாருக்குப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று நான்கு வரி. அதன் கீழே 'முழுவதும் படித்தேன்' என்று எழுதிக் கையெழுத்து.

அட்டை எழுதியவர்கள் முதலாளியின் இரண்டு மருமகள்கள். மூத்தவள் அறிவியல் நூல்களையும் அகராதிகளையும் பார்த்துக்கொண்டாள். இளையவள் கதைகளை. ஒரே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, முகம் கொடுத்துப் பேசாமல் நான்கு வருஷம் ஓட்டிவிட்டார்கள்.

ஒருநாள், ரயில் பயணத்துக்கு ஏதாவது வேண்டும் என்று வந்தவர் படகோட்டியைப் பற்றிய நாவல் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"பாத்து எடுங்க சார்," என்றாள் மூத்தவள். "அட்டை எழுதினவங்க அட்டைப்படத்த மட்டும்தான் படிச்சிருப்பாங்க."

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் இளையவள். "அகராதி வாங்கிட்டுப் போங்க. ரயில்ல நல்லாத் தூக்கம் வரும்."

வந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாவலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

கடையின் ஒரு பாதியைக் காலி செய்ய வேண்டிய நிலை அப்போது வந்திருந்தது. இனி முன்னால் ஒருத்திக்குத்தான் இடம். மற்றவள் பின்தெருக் கிடங்கில் பார்சல் கட்ட வேண்டும். மூத்தவளுக்குக் கிடங்குக்குப் போக மனமில்லை. வீட்டில் அவளிடம் யாரும் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை. இந்த அலமாரிக்கு முன்னால்தான் முன்பின் தெரியாதவர்கள் நின்று, "நீங்களே ஒண்ணு சொல்லுங்க" என்றார்கள்.

அதனால் மாமனாரிடம் போய்ப் பற்றவைத்தாள். "சின்னவ படிக்காமலே கையெழுத்துப் போடறா மாமா. நீங்களே வந்து சோதிச்சுப் பாருங்க."

சனிக்கிழமை காலை அவர் வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படகோட்டி நாவலை எடுத்தார்.

"கடைசியில அவன் என்ன ஆறான்?"

"படகு ஓட்டறத விட்டுடறான் மாமா," என்றாள் இளையவள். "பாலம் கட்டற இடத்துல கூலி வேலைக்குச் சேர்றான். அவன் பிழைப்பைக் கெடுக்கற பாலம். முதல் சம்பளத்துல பாதிய பொண்டாட்டிகிட்ட குடுத்துட்டு, ஏன்னு சொல்லாம அழறான்." உடனே மூத்தவள் பக்கம் திரும்பி, "இன்னும் கேள்வி இருக்கா அக்கா? ஹால் டிக்கெட் எடுத்துட்டு வரவா?" என்றாள்.

மாமனார் பக்கத்திலிருந்த புத்தகத்தை எடுத்தார். ஆழ்கடல் உயிர்களைப் பற்றிய அறிவியல் நூல். மூத்தவளின் அட்டை. 'கடைசி அத்தியாயத்துக்காகவே வாங்கலாம்.'

மூத்தவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்தப் பிரதியில் கடைசிப் பதினாறு பக்கங்களை அச்சகத்தில் வெட்டாமல் விட்டிருந்தார்கள். மேல் ஓரம் ஒட்டியே இருந்தது. அதுவரை படித்தவள், பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று பொருளடக்கத்தைப் பார்த்து அட்டையை எழுதினாள். பிறகு மறந்தே போனாள். கடைக்கு வந்த ஒரே பிரதி அதுதான். கடவுள் நம் குற்றத்தை எவ்வளவு பத்திரமாக எடுத்து வைத்திருந்து நம் கையிலேயே தருகிறார்!

மாமனார் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திரும்பியது. அளவுகோல் வைத்து அறுத்ததுபோல் ஓரம் சுத்தமாக இருந்தது.

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். மேசையில் இளையவளின் பக்கம் இரும்பு அளவுகோல், கத்தி. அவள் புடவை மடிப்பில் நூல்போல ஒரு காகிதத் துணுக்கு.

"பெரியவளைப் பத்தி நீ ஏதாவது சொல்லணுமா?" என்று மாமனார் இளையவளிடம் கேட்டார்.

"ஒண்ணுமில்ல மாமா."

"சரி. ரெண்டு பேரும் ஒழுங்காத்தான் படிக்கிறீங்க. அப்போ வயசுக்கு மூத்தவ முன்னால இருக்கட்டும். நீ கிடங்கைப் பாத்துக்க."

இளையவள் இழுப்பறையைத் திறந்து தன் பேனாக்களைப் பொறுக்கத் தொடங்கினாள்.

கேட்டது கிடைத்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மூத்தவள் அலமாரிவரை போனாள். தன் அட்டையை உருவினாள். அதை இரண்டாகக் கிழித்தாள்.

"மாமா, இத நான் முழுசாப் படிக்கல. பக்கம் ஒட்டியிருந்தது. பிரிக்கக்கூட இல்ல. கையெழுத்துப் போட்டுட்டேன்."

மாமனார் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"அப்போ கிடங்குக்கு நீ போம்மா," என்றார் கடைசியில். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மாமனார் போன பிறகு மூத்தவள் மேசையில் தன் பக்கத்தைக் காலி செய்தாள். "எதுக்கு வெட்டின?" என்று கேட்டாள். "விட்டிருந்தா மாமா புரட்டினப்பவே நான் மாட்டியிருப்பேன்."

"உங்களுக்காக ஒண்ணும் வெட்டல. காசு குடுத்து வாங்கறவன் ஒட்டின பக்கத்தோட அல்லாடணுமா?"

"வெட்டும்போதே நான் படிக்கலன்னு தெரிஞ்சிருக்கும். சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நான் உங்கள மாதிரி ஆயிடுவேன்."

மூத்தவள் ஆழ்கடல் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு பின்தெருவுக்குப் போனாள்.

கிடங்கில் ஒரே ஒரு விளக்கு, அதுவும் அழுது வடிந்தது. அட்டைப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து, வெட்டிய பக்கங்களில் முதல் பக்கத்தைக் கண்ணருகே பிடித்தாள். கதவு படாரென்று திறந்தது. இளையவள். கையில் தன் பக்கத்து மேசை விளக்கு, ஒயர் தரையில் இழுபட்டது.

"கண்ணு போனா பார்சல் யாரு கட்டறது?" என்று சொல்லி, பல்பு அதிரும்படி அதைப் பெட்டிமேல் டொக்கென்று வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.