சாயம் போகிற சிவப்பு

ஜமால் முகமதுவின் ஜவுளிக்கடையில் துணி எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "பாய், சாயம் போவுமா?" என்றுதான். முப்பது வருஷமாக அவரும் மார்தட்டிச் சொல்லிவந்தார்: "போனா எங்கிட்ட கொண்டா." கடைவாசலில் நிற்கும் தன் பழைய மாருதியைப் பற்றி மட்டும் யாரும் கேட்டுவிடாமல் இருக்க வேண்டுமே என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது.

அந்தக் காருக்குச் சிவப்பைத் தேர்ந்தெடுத்தவர் மனைவி பாத்திமுத்து. காருக்கு நிழல் வேண்டும், ஷெட் போடுங்கள் என்றதும் அவர்தான். பாய் ஷெட்டும் போட்டார். போட்டு, துணிமூட்டைகளை அதில் அடுக்கினார். கார் வெயிலில் காய்ந்து, பழஞ்செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. "இன்னாங்க, காரு வெளுத்தாப்ல தெரியுதே?" என்று பாத்திமுத்து கேட்கும்போதெல்லாம், "உன் கண்ணுல புரை. காரு செக்கச்செவேல்னுதான் இருக்குது" என்று சொல்லியே எட்டு வருஷத்தை ஓட்டினார்.

இப்போது புதுச்சேரியில் மகள் ஹப்சா வீட்டில் தங்கி, இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. இன்று சாயங்காலம் பாத்திமுத்து ஊர் திரும்புகிறார். இனிப் புரை மேல் பழி போட முடியாது.

விடிந்ததும் விடியாததுமாக பாய் காரை எடுத்து, சங்கராபுரம் சாலையில் கார் பாலிஷ் கடை வைத்திருக்கும் பாரதியிடம் ஓட்டிப்போனார். "சாயங்காலத்துக்குள்ள பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடும்மா."

பாரதி காரை நிழலில் நிறுத்திக் கழுவித் துடைத்து, விரலால் தடவினாள். "பெயிண்டே வாணாம் பாய். மேல்தோலுதான் செத்துப்போயிருக்குது." வெள்ளைத் துணியில் பாலிஷ் பசையைத் தொட்டு, கூரையில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்தாள். துணி சிவந்தது.

"நிறுத்தும்மா! சாயம் போவுது!" பாய் பாய்ந்து துணியைப் பிடுங்கிவிட்டார். இருந்த கொஞ்சநஞ்சச் சிவப்பும் போயிற்றே!

பாரதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒங்க கடைத் துணியில சாயம் போனாத்தான் பாய் கெடுதி. புது வண்டிங்கள்ல மேல ஒரு தெளிவான பூச்சு இருக்கும், நெறம் வராது. இது பழசு. மேலேர்ந்து கீழ வரைக்கும் செவப்புதான். செத்தது வந்துச்சுன்னா உயிரோட இருக்கறது தெரியும்." தேய்த்த இடத்தைத் துடைத்தாள். கார் வாங்கிய அன்று ஷோரூமிலிருந்து ஓட்டிவந்த அதே சிவப்பு. பாய் துணியைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் அவர் தன் ஜவுளிக்கடைப்பக்கம் போகவே இல்லை. அகலமான இடங்களில் பாலிஷ் மிஷினை ஓட்டிய பாரதி, விளிம்புகளுக்கு டேப் ஒட்டி மறைத்தாள். "இங்க பெயிண்ட் மெலிசு. மிஷின் வச்சா தகரம் பல்ல இளிச்சிடும்." அந்த இடங்களை மட்டும் கையால் தேய்த்தாள். அவசரம் யாருக்கோ என்பது போல ஒரே சீரான தேய்ப்பு. எத்தனையோ நல்ல கைகளைப் பார்த்தவர் பாய். இந்தக் கைக்கு ஈடு சொல்ல அவரிடம் ஆள் இல்லை.

"உளுந்தூர்பேட்டையில பஸ் மாறிட்டோம் அத்தா" என்று ஹப்சா போன் செய்தபோது, பாரதி மெழுகு பூசிக்கொண்டிருந்தாள். கடைசித் துடைப்பு முடிந்ததும் பாய் பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தார்.

கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைத் துப்பட்டியுமாக இறங்கிய பாத்திமுத்து, காரை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

"நான் சொன்னேன்ல? அப்படியேதான் இருக்குது" என்றார் பாய்.

"எங்க பாலிஷ் போட்டீங்க?"

பாய் பையை வாங்கி டிக்கியில் வைக்கப் போனார்.

"எட்டு வருசமா இதுல ஏறி எறங்குறப்பல்லாம் துப்பட்டியில செவப்புத்தூளு ஒட்டிக்கினு வரும். கண்ணுலதான் புரை. தொவச்சது நானுதானே?"

ஹப்சா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பாத்திமுத்து வேண்டுமென்றே கதவில் நன்றாகச் சாய்ந்து நின்றார். விலகி, துப்பட்டியை இழுத்துப் பார்த்தார். ஒரு பொட்டு ஒட்டவில்லை.

"யாரு கைங்க இது?"

"பாரதின்னு ஒரு பொண்ணு."

"நல்ல கை. நாளைக்கு வூட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்க." கதவைத் திறந்து ஏறியவர் சேர்த்துச் சொன்னார்: "அவ வர்றதுக்குள்ள ஷெட்ட காலி பண்ணிடுங்க."