உள்பக்கத்தில் பெயர் எழுதிய இதழ்

ஆனந்தி வாரத்துக்கு ஒரு புத்தகத்துக்கு மேல் விற்பதில்லை. அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தவை மொத்தம் எழுபத்தொன்று. எல்லாமே முப்பது முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய சித்திரக்கதைகள். சிகரம் காமிக்ஸ் என்று ஒரு கம்பெனி மாதாமாதம் போட்டுவிட்டு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டவை. அத்தனையையும் ஒரே நாளில் தூக்கிக்கொள்ளத் தயாராக ஆள் இருந்தார்கள். ஆனால் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மறுநாளிலிருந்து அவளோடு பேச யார் இருக்கிறார்கள்?

கேரளத்து மலையில் வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் ஸ்டோரில் அவளுக்கு வேலை. வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. அப்பா போய்ப் பத்து வருடம் ஆகிறது. அம்மா ராமுத்தாய் போன ஆடியில் போனாள். அதற்குப் பிறகு தொழிலாளர் வரிசையான லயத்து வீட்டின் இரண்டு அறைகளில் அவள் ஒருத்திதான். சாயங்காலம் சங்கு ஊதியதும் வீட்டுக்கு வந்தால், மறுநாள் காலை ஸ்டோர் பூட்டைத் திறக்கும்வரை வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. சில நாள் சும்மாவாவது இருமிப் பார்ப்பாள்.

ஓட்டு வழியாக மழை இறங்கிய ஒரு நாளில்தான் பெட்டியை இடம் மாற்றப் போய்த் திறந்து பார்த்தாள். பழைய காகித வாசனை குப்பென்று வந்தது. ஸ்டோரில் கூட வேலை செய்யும் ரிஞ்சு, இதற்கெல்லாம் பேஸ்புக்கில் பெரிய கூட்டமே இருக்கிறது என்று சொல்லி, அவள் போனில் அந்தக் குழுவைக் காட்டிக் கொடுத்தாள். ‘பெரியாறு புக்ஸ்’ என்ற பெயரில் ஆனந்தி சேர்ந்துகொண்டாள்.

குழுவில் ஆயிரத்துச் சொச்சம் பேர். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய ஆண்கள். சட்டதிட்டங்கள் கறாராக இருந்தன. அட்டை, பின்னட்டை, முதல் பக்கம், நடுவில் பின் அடித்த இடம், இந்த நாலையும் போட்டோ எடுத்துப் போட வேண்டும். பின் துருப்பிடித்திருந்தால், குறுக்கெழுத்துக் கட்டத்தில் யாராவது பேனாவால் எழுதியிருந்தால், மறைக்காமல் சொல்ல வேண்டும். புத்தகம் நம் கையில்தான் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாக, அன்றைய தேதியையும் பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் கையால் எழுதி அட்டைமேல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். யார் முதலில் ‘எனக்கு’ என்று எழுதுகிறாரோ அவருக்குப் புத்தகம்.

செவ்வாய்க்கிழமைகளில் அவள் ஒரு புத்தகம் போடுவாள். போட்ட கையோடு பேச்சு களைகட்டும். எந்த வருடத்துப் பதிப்பு, அட்டைப்படம் வரைந்தது யார், இதைப் படித்துக்கொண்டு சோற்றுத் தட்டில் கை காய்ந்து போனது யாருக்கு என்று நூறு கதைகள் வரும். எல்லோரும் அவளை ‘சார்’ என்றார்கள். அவள் திருத்தவில்லை. குழுவை நடத்துபவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மோகனசுந்தரம். “ஏனுங்க பெரியாறு சார், நீங்க பழுதச் சொல்ற அழகுக்கே புக்கு வாங்கலாமுங்க” என்று ஒருமுறை எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை அவள் அந்த வாரம் முழுக்க எடுத்து எடுத்துப் படித்தாள்.

புத்தகங்கள் அவளுடையவை அல்ல. அண்ணன் தங்கதுரையுடையவை.

தங்கதுரை வீட்டை விட்டுப் போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. டவுனில் மருந்துக் கடையில் வேலை பார்த்த மலையாளக் கிறிஸ்தவப் பெண் டின்சியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். அப்பா கத்தினார், பிறகு பேச்சையே நிறுத்திவிட்டார். ஆனந்திக்கு அப்போது கம்பத்தில் ஒரு இடம் பேசி முடித்திருந்தார்கள். வேதக்காரப் பெண் வந்த வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று அவர்கள் விலகிக்கொண்டார்கள். அண்ணன் எஸ்டேட் ஆபீசுக்குப் போன் செய்தபோது ரிசீவரை எடுத்தது அவள்தான். “எனக்கு வந்த வாழ்வ நீ வாரிக்கிட்டுப் போயிட்ட. இனி இந்த வீட்டு வாசல மிதிச்சிராத” என்றாள். அவன் மிதிக்கவில்லை. அப்பாவின் சாவுக்கு மட்டும் வந்து, லயத்துக்கு வெளியே தள்ளி நின்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகும்போது ஒரு காகிதத்தில் போன் நம்பரை எழுதி அம்மாவின் கையில் திணித்துவிட்டுப் போனான்.

எட்டாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பெட்டியின் அடியில் கிடந்த ‘உப்புத்தீவுக் கைதி’யை அவள் விற்பனைக்குப் போட்டாள். அலுப்பில், முதல் பக்கத்தைச் சரியாகப் பார்க்காமலே படம் எடுத்துவிட்டாள். போட்ட பிறகுதான் கவனித்தாள். மேல் மூலையில் நீல மையில், கொட்டை கொட்டையாக, ‘கா. தங்கதுரை, ஏழாம் வகுப்பு பி’ என்று இருந்தது. நீக்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தனிச்செய்தி வந்துவிட்டது. அனுப்பியவர் பெயர் ‘வாளையார் வண்டி’. முகப்பில் ஒரு லாரியின் படம்.

“இந்த புக் உங்களுக்கு எங்க கெடச்சது?”

அண்ணன் பாலக்காட்டு எல்லையில், வாளையாரில்தான் எங்கோ இருக்கிறான் என்று அம்மா எப்போதோ சொன்னதுண்டு. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “ஒரு பழைய வீட்டில் கிடைத்தது” என்று எழுதினாள்.

“அந்த வீட்ல இப்ப யாரு இருக்காங்க?”

“ஒரு பொம்பளை இருக்காங்க.”

“வயசான அம்மா ஒருத்தங்க இருப்பாங்களே. அவங்க நல்லா இருக்காங்களா?”

நல்லா இருக்காங்க என்று எழுதினாள், அழித்தாள். எழுதாமலே போனை மூடிவைத்தாள். சோறு கொதித்து வழிந்ததைத் துடைத்துவிட்டு வந்து மறுபடியும் எடுத்தாள்.

“அந்தம்மா தவறிட்டாங்க. போன வருஷம் ஆடி.”

பார்த்ததற்கான அடையாளம் உடனே விழுந்தது. பதில் வரவில்லை. குழுவில் போட்டிருந்த அந்த விற்பனைப் பதிவை அவள் நீக்கிவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் எதுவும் போடவில்லை. “ஏனுங்க சார், ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா? இந்த வாரம் உங்களக் காணமே” என்று மோகனசுந்தரம் கேட்டிருந்தார். கொஞ்சம் சுகமில்லை என்று பதில் போட்டாள். சுகமில்லாதபோது கேட்க ஆள் இருக்கிறதே என்று நினைத்தாள். அந்த ஆளுக்குத் தன் பெயர்கூடத் தெரியாது என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

ஒன்பதாவது நாள் வாளையாரிலிருந்து செய்தி வந்தது. விசாரிப்பு இல்லை, வருத்தம் இல்லை. வெறும் முகவரி. ‘தங்கதுரை’ என்று ஆரம்பித்து, லாரிகளை எடை போடும் ஒரு வே பிரிட்ஜின் பெயர், தபால் எண்.

புத்தகத்தை இரண்டு காகித அட்டைகளுக்கு நடுவே வைத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சணல் கட்டி, எல்லோருக்கும் செய்வதுபோலவே செய்தாள். மதியம் அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தபால் ஆபீஸ் போனாள். கவுண்டரில் இருந்த பெண் பொட்டலத்தைத் தராசில் வைத்துவிட்டு, “உள்ளில் எந்தா சேச்சி?” என்று உள்ளே இருப்பது என்ன என விசாரித்தாள்.

“எங்கண்ணன் புக்கு” என்றாள் ஆனந்தி.

சொன்னபிறகு அவளுக்கு அங்கே நிற்க முடியவில்லை. தராசிலிருந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, “வேணாம் மோளே, நானே கொண்டு போயிருதேன்” என்று வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் விடியும்போது குமுளியில் பஸ் ஏறினாள். மடியில் பொட்டலம். தேனி, பழனி, பொள்ளாச்சி, கோயம்புத்தூர். அங்கே பாலக்காட்டு பஸ் பிடித்து வாளையாரில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை கட்டி நின்றன. சிமெண்டுத் தூசி நாக்கில் கரகரத்தது. டீக்கடையில் விசாரித்ததற்கு, “துரையண்ணனா? அந்தா, அந்தத் தகரக் கூண்டு” என்று கை காட்டினார்கள்.

கூண்டுக்குள் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு வழுக்கைத் தலை. திரும்பியபோது அப்பாவே திரும்பியதுபோல் இருந்தது.

“புக்கு கொண்டாந்திருக்கேன்” என்றாள். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அவன் அவளையும் பொட்டலத்தையும் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. “ஓ, அந்தப் பொம்பள வந்துட்டாங்களா” என்றான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஏன் புள்ள, ஒன்னையவே நீ யாரோ மாதிரி எழுதுவியா? ஒரு பொம்பளைன்னு?”

“நான்தான்னு ஒனக்குத் தெரியுமா?”

“எட்டு மாசமாத் தெரியும். மொத நாளு நீ துண்டுச் சீட்டு எழுதி வச்சேல்ல, அதுலயே தெரிஞ்சிருச்சு. பெரியாறுல அந்த று-வுக்கு இப்படி ஒரு கொக்கி யாரு போடுவா? ஒனக்கு நான்தான எழுதப் பழக்குனேன்.” அவன் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே பேசினான். “செவ்வாக்கெழம ஆனா பாப்பேன். சீட்டு வந்துருக்கும். சரி, இருக்கா, கை கால் சொகமா இருக்கான்னு நெனச்சுக்குவேன். நீ நல்லா இருந்தா அம்மாவும் நல்லா இருக்கும்னு நானா நெனச்சுக்கிட்டேன். வாங்கணும்னா அட்ரஸ் குடுக்கணுமேன்னுதான் ஒண்ணுகூட வாங்கல.”

வெளியே ஒரு லாரி எடை மேடைமேல் ஏறி ஹாரன் அடித்தது. அவன் எடையைப் பார்த்து, சீட்டு அடித்து, ஜன்னல் வழியாக நீட்டினான். அந்த நேரம் முழுவதும் அவள் நின்றுகொண்டே இருந்தாள். திரும்பி உட்கார்ந்தவன் கேட்டான்:

“அம்மா என்னையக் கேட்டுச்சா?”

பொய் சொல்ல வேண்டும் என்றுதான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்திருந்தாள். தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது, ஒன்றும் பேசவில்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அது வரவில்லை.

“கடைசி ரெண்டு நாளும் ஒம்பேருதான். தொரை வந்துட்டானா, தொரை வந்துட்டானான்னு. நம்பர் தலகாணிக்கு அடியிலதான் இருந்துச்சு. நான்தான் கூப்பிடல. விடிஞ்சதும் கூப்பிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. காரியம் முடிஞ்சதும் சொல்லலாம்னு நெனச்சேன். அப்புறம் என்ன மொகத்த வச்சுக்கிட்டுச் சொல்லுவேன் அண்ணே?”

அவன் கூண்டைவிட்டு வெளியே போய், லாரிகளுக்கு நடுவே, தார்ச் சாலையைப் பார்த்தபடி நின்றான். டிரைவர்கள் இரண்டு பேர் கூப்பிட்டும் திரும்பவில்லை. அவள் உள்ளே ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தபோது அவன் கண்கள் சிவந்திருந்தன.

“மன்னிச்சிட்டேன்னு சொன்னா அது பொய்யி” என்றான். “அத என்னால சொல்ல முடியாது. ஆனா சாப்புடாமப் போகாத. வீடு பக்கந்தான்.”

வீட்டில் டின்சி இருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. நாத்தனார் என்று தங்கதுரை சொன்னதும் ஒரு கணம் திகைத்து நின்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “வரூ, வந்து இரிக்கூ” என்று உட்காரச் சொன்னாள். ஆனந்தி பத்தொன்பது வருடமாக மனதுக்குள் வைத்துத் திட்டிய பெண் இவள்தான் என்பதை நம்ப முடியவில்லை. மத்தி மீன் குழம்பும் குத்தரிசிச் சோறும் வைத்தாள். பிள்ளைகள் இல்லை என்பது கொடியில் காய்ந்த துணிகளிலேயே தெரிந்தது.

“அம்மாவ நான் கண்டதே இல்ல” என்றாள் டின்சி, சோறு போட்டுக்கொண்டே. “போட்டோ ஏதாவது உண்டா?”

ஆனந்தி போனை எடுத்துக் காட்டினாள். அம்மா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் படம். டின்சி அதைப் பெரிதாக்கி, நெற்றி, மூக்கு, காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தங்கதுரையிடம் நீட்டினாள். அவன் தட்டை அப்படியே விட்டுவிட்டு, போனோடு பின்வாசலுக்குப் போனான். நெடுநேரம் கழித்துத்தான் போன் திரும்பி வந்தது. திரை முழுக்க ஈரமாக இருந்தது.

அன்று அவள் அங்கேயே படுத்துக்கொண்டாள். காலையில் அண்ணன்தான் பைக்கில் கொண்டுவந்து ரோட்டில் விட்டான். பஸ் வந்ததும், “மீதிப் புக்க என்ன செய்யட்டும் அண்ணே? ஒனக்கு அனுப்பிரவா?” என்று கேட்டாள்.

“வித்துரு. எனக்கு அது ஒண்ணு போதும்.”

“சரி.”

“ஏறு, ஏறு. எடம் இருக்கு.”

டின்சி கட்டிக்கொடுத்த புட்டு இன்னும் சுட்டது. பொள்ளாச்சி தாண்டும்போது போன் அதிர்ந்தது. “எங்க வந்துருக்க?” என்று ஒரு செய்தி. “உடுமலை வரப்போவுது” என்று எழுதினாள். பழனியில் இன்னொன்று. “சாப்டியா?” சாப்பிட்டேன் என்றாள். எங்கே வந்திருக்கிறாய், சாப்பிட்டாயா என்று யாரும் அவளிடம் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவள் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். தேனி வந்தது, கம்பம் வந்தது. போன் அதிரவில்லை.

மலை ஏறி வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டு, செருப்பைக் கழற்றியதும் முதல் வேலையாக, “வீடு வந்து சேந்துட்டேன் அண்ணே” என்று அவளே எழுதினாள். செய்தி போய்ச் சேர்ந்தது. அவன் இன்னும் திறந்து பார்க்கவில்லை. சாயங்காலம் வாளையாரில் லாரிகள் நெருக்கும் நேரம் என்பதை நேற்று நேரிலேயே பார்த்திருந்தாள். போனைச் சன்னலோரம் வைத்துவிட்டு, ஒரு ஆளுக்கு அரிசி அளந்து களைந்தாள்.