வெயில் கரையின் மதில்

தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு லியோனி கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். வெளியே பெலாஜி விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

“தொற லியோனி. தண்ணி ஆறிப்போவுது.”

“ஆறட்டும். உன்ன யாரு கூப்பிட்டா?”

“யாரும் கூப்பிட வேணாம். முறை என்னுது.”

முறை அவளுடையதுதான். அதுதான் லியோனிக்குப் பொறுக்கவில்லை. ஓர்ஸெல் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டார் பிணத்தைத் தொடக் கூடாது, அடுப்பும் மூட்டக் கூடாது. கோயில் இருக்கும் திசையில் முதல் வீடு எதுவோ, அந்த வீட்டுப் பெண் வந்து குளிப்பாட்டி, உடுத்தி, சமைத்துப் போட வேண்டும். லியோனியின் வீடு ஆற்றுப் பாலத்தின் இந்த முனையில் இருந்தது. பாலத்தைத் தாண்டியதும் முதல் வீடு பெலாஜியுடையது. ஊரில் இத்தனை பெண்கள் இருக்க, தன் புருஷனின் உடம்பைக் கொண்டுபோய் இவள் கையில்தானா கொடுக்க வேண்டும்?

உள்ளறைக் கட்டிலில் அன்செல்ம் கிடந்தார். விடியற்காலையில் பால் கறக்கப் போனவர் மாட்டின் காலடியிலேயே சாய்ந்துவிட்டார். மகன் மார்சலான்தான் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தினான். டாக்டர் வந்து இதயம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

“அம்மா, பெலாஜி அத்தை பனியில நிக்கிறாங்க,” என்றான் மார்சலான்.

“உனக்கு அத்தையா அவ? நிக்கட்டும். குளிர் என்னன்னு இந்தக் கரைக்கு வந்து தெரிஞ்சுக்கட்டும்.”

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நவம்பரில் மலைக்குப் பின்னால் ஒளியும் வெயில் இந்த நிழல் கரைக்குத் திரும்பப் பிப்ரவரி ஆகிவிடும். ஆற்றுக்கு அந்தப் பக்கமோ குளிர்காலம் முழுக்கப் பளபளவென்று காயும். கோயில், மேயர் அலுவலகம், ரொட்டிக்கடை, கல்லறைத் தோட்டம் எல்லாம் அங்கேதான். நிழல் கரைக்கு வாய்த்தது கூரைக்கல் குவாரியும் மாட்டுக்கொட்டில்களும். குவாரியையும் மூடிவிட்டார்கள். பிறகு மலைமேல் பனிச்சறுக்கு வந்து ஊரில் நாலு பேர் நிமிர்ந்தார்கள். ஓட்டல்களை எந்தக் கரையில் கட்டினார்கள் என்று சொல்ல வேண்டியதே இல்லை.

அந்த வெயிலுக்குத்தான் அன்செல்ம் போவார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு குளிர்காலம் தவறியதில்லை. காலை வேலை முடிந்ததும் தொப்பியை எடுப்பார், பாலத்தைக் கடப்பார், பெலாஜி வீட்டு மதிலில் போய் உட்கார்ந்துகொள்வார். பெலாஜி இளம் வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். அவருக்கென்று நீலக் கட்டம் போட்ட ஒரு மெத்தைத் துண்டை அந்த மதிலில் போட்டுவைத்திருந்தாள். லியோனி தன் ஜன்னலடியில், பட்டப்பகலில் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு, பட்டணத்துக் கடைக்குக் கையுறை தைப்பாள். தலையை நிமிர்த்தினால் எதிர்க்கரை வெயிலில் இரண்டு உருவங்கள் தெரியும். ஒன்று கையை ஆட்டும், மற்றது சிரிக்கும். ஊசி விரலில் ஏறும்.

அவள் விளக்கை அணைத்துவிட்டு எழுந்து சூப்பை அடுப்பில் வைத்தால் போதும், ஐயாவுக்கு அங்கே மூக்கில் வியர்த்துவிடும். அது கொதிப்பதற்குள் வாசலில் பூட்ஸைத் தட்டும் சத்தம் கேட்கும். பேச்செல்லாம் அங்கே, சோற்றுக்கு மட்டும் இங்கே என்று அவள் நினைத்துக்கொள்வாள். வாயைத் திறந்து கேட்டதில்லை. கேட்பதற்குப் பதிலாக, குளிர்காலத்தில் அந்த மதில் பக்கமே போவதில்லை என்று வைராக்கியம் பிடித்துக்கொண்டாள். கோயிலுக்குக் கூடச் சுற்றுப் பாதையில் போய்வந்தாள்.

இன்று தானே குளிப்பாட்டுவது என்று முடிவு செய்துவிட்டாள். ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கொண்டுபோய் முகத்தையும் கால்களையும் துடைத்தாள். சட்டை போடும்போதுதான் மாட்டிக்கொண்டாள். கதவைச் சாத்தி வீம்பு பிடித்ததில் காலைப்பொழுது போய்விட்டிருந்தது, அன்செல்மின் கைகள் விறைத்திருந்தன. ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் சரிந்தது. மகனைக் கூப்பிடலாமென்றால் அவன் அறை வாசலிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். சட்டைத் தோளில் தையல் விட்டது.

லியோனி போய்த் தாழ்ப்பாளை விலக்கினாள். பெலாஜி உதடெல்லாம் நீலம் பாரித்து வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் பேசின்.

“ரெண்டு பேரா செய்வோம். தனியா விட மாட்டேன்,” என்றாள் லியோனி.

“நானும் தனியா கேக்கல,” என்று எழுந்தாள் பெலாஜி.

இருவரும் கட்டிலின் இரு பக்கமும் நின்று வேலையைத் தொடங்கினார்கள். பெலாஜி வலது கையைப் பிடித்துத் தலைக்குமேல் தூக்கப் பார்த்தாள்.

“அது மேல போவாது,” என்றாள் லியோனி.

“விறைச்சிருக்கு, அதான்.”

“விறைக்கறதுக்கு முன்னாலயே போவாது. திருப்பு, தெரியும்.”

பெலாஜி அவரை ஒருக்களித்துத் திருப்பினாள். திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு கை அளவுக்குச் சதை இல்லை. பள்ளத்தின்மேல் தோல் சுருங்கி மூடியிருந்தது.

“ஐயோ சாமி. இது என்ன லியோனி?”

“குவாரியில பலகைக்கல் சறுக்கினது. கல்யாணமான வருஷம்.” லியோனி அவள் முகத்தையே பார்த்தாள். “உனக்குத் தெரியாதா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

அந்த முகத்தில் பொய் இல்லை. பயம்தான் இருந்தது, அந்நிய ஆணின் உடம்பைப் பார்த்துவிட்ட கூச்சமும் இருந்தது. லியோனிக்குள் ஒரு சந்தோஷம் குபீரென்று கிளம்பியது. புருஷன் பிணமாகக் கிடக்கும்போது வரக் கூடாத சந்தோஷம். வெட்கமாக இருந்தது, ஆனாலும் வந்தது. இவ்வளவு வருஷம் அங்கே நடந்தது வெறும் வெயில் காய்வதுதான். இந்த முதுகு தன் ஒருத்திக்குத் தெரிந்த முதுகு.

பெலாஜி ஈரத் துணியால் அந்தப் பள்ளத்தை மெல்லத் துடைத்தாள்.

“ஓ, இதுதானா அந்தக் கல்லு,” என்றாள் தனக்குத்தானே. “சொல்லியிருக்கான். பாடிக்கிட்டே வேல செஞ்சானாம், அதனால கல்லு சறுக்குற சத்தம் கேக்கலையாம். இவ்வளவு பெருசுன்னு சொல்லல பாவி.”

“யாரு பாடினது?”

“அவன்தான். வேற யாரு?”

லியோனியின் கையிலிருந்த பொத்தான் நழுவியது. வீட்டில் அந்த மனிதர் பாடி அவள் கேட்டதில்லை. பேசியே எத்தனை கேட்டிருப்பாள்? ‘ம்’, ‘சரி’, ‘உப்பு பத்தல’, அவ்வளவுதான். கல் விழுந்ததைப் பற்றி அவளிடம் சொன்னது, ‘கல்லு விழுந்துச்சு’ என்ற இரண்டே வார்த்தை. வந்த சந்தோஷம் வந்த வழியே போனது. உடம்பைத் தன்னிடம் தந்துவிட்டுப் பேச்சையெல்லாம் பெலாஜிக்குக் கொடுத்திருக்கிறார். வாய்விட்டுப் பேசும் மனிதரை ஒருநாளாவது தனக்குக் காட்டினாரா? இதைவிட அவர் அவளைத் தொட்டிருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

“போதும். பொத்தான நான் போட்டுக்கறேன்,” என்றாள்.

அடக்கம், வெயில் நிழல் கரைக்குத் திரும்பும் நாளில் வந்து வாய்த்தது. அன்று நண்பகலில் நிழல் கரையில் வீட்டுக்கு ஒருவர் தட்டில் ஆம்லெட்டோடு பாலத்துக்கு வந்து, முதல் கதிருக்குத் தட்டைக் காட்டிவிட்டுத்தான் சாப்பிடுவது வழக்கம். இந்த வருஷம் அந்தச் சடங்கைத் தள்ளிவைக்கலாமா என்று பாதிரியார் கேட்டுப் பார்த்தார். வெயிலைத் தள்ளிவைக்க முடியாது என்று ஊரார் சொல்லிவிட்டார்கள்.

லியோனி காலையிலிருந்தே விளக்கடியில் உட்கார்ந்து, கிழிந்துபோன தன் கறுப்புக் கையுறையைத் தைத்துக்கொண்டிருந்தாள். கடைசித் தையல் போடும்போது பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். நூலைப் பல்லால் கடித்து அறுத்து அப்படியே எழுந்து வந்துவிட்டாள்.

பாலத்தில் ஜனங்கள் தட்டுகளோடு நின்றார்கள். பெட்டி வந்ததும் தட்டுகளைக் கைப்பிடிச்சுவரில் வைத்துவிட்டுத் தொப்பிகளைக் கழற்றினார்கள். முன்னால் தூக்கிய பழைய குவாரிக்காரர் ஒருவர் மூச்சுவாங்கிக்கொண்டே சொன்னார்:

“குடுத்துவெச்சவன் அன்செல்மு. செத்தாத்தான் நமக்கெல்லாம் வருஷம் பூரா வெயில்.”

“நீ அவசரப்படாத. இன்னும் ரெண்டு வருஷம் நெழல்லயே கெட,” என்றார் பின்னால் தூக்கியவர்.

சிரிப்பை அடக்கினார்கள். லியோனிக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லறைத் தோட்டம் பெலாஜியின் வீட்டுக்குப் பின்பக்கம். இனிமேல் அவர் நாள்முழுக்க அங்கேயேதான்.

அப்போது மலை முகட்டில் வெளிச்சம் உடைந்து பாலத்தின்மேல் விழுந்தது. ஜனங்கள் தட்டுகளை எடுத்து நீட்டினார்கள். லியோனியின் வீட்டில் அடுப்பு எரியவில்லை, அந்த வீட்டுக்கான தட்டையும் பெலாஜியே கொண்டுவந்திருந்தாள். வெயில் கரையில் பிறந்தவளுக்கு ஆம்லெட் காட்டும் வழக்கமே கிடையாது. அடிபிடித்துக் கறுத்துப்போயிருந்தது. அதை லியோனியிடம் நீட்டினாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்ததால் லியோனி வாங்கிச் சூரியனுக்குக் காட்டினாள்.

“என்ன பெலாஜி இது? இதப் பாத்தா வந்த சூரியன் திரும்பிப் போயிடும்,” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

லியோனி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். “உப்பு பத்தல,” என்றாள். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. அதுவரை அழாதவள் அந்தக் கரிந்த ஆம்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

புதைத்து முடித்ததும் எல்லோரும் முறைப்படி பெலாஜி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒயின் இறங்க இறங்கக் குரல்கள் உயர்ந்தன. ரோப் காரில் வேலை பார்க்கும் மார்சலானிடம், இந்த வருஷம் பனி எப்படி, கூட்டம் எப்படி என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். லியோனி எழுந்து வெளியே வந்தாள். மதில் எதிரே இருந்தது, அதன்மேல் நீலக் கட்ட மெத்தைத் துண்டும் இருந்தது. அதில் உட்கார மனம் ஒப்பவில்லை. பக்கத்தில் வெறும் கல்லில் உட்கார்ந்தாள். கல் சூடாக இருந்தது. இவ்வளவு சூடாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் பெலாஜி வந்து மெத்தைக்கு மறுபக்கம் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் அது காலியாகக் கிடந்தது.

“அந்தப் பாட்டு என்ன பாட்டு?” என்று கேட்டாள் லியோனி. கேட்டுவிட்டோமே என்று எரிச்சலாகவும் இருந்தது.

“குவாரிப் பாட்டு. முழுசா எனக்கும் தெரியாது.”

“ஏன், உனக்குத்தான் எல்லாம் சொல்லுவாரே?”

“எங்க சொன்னான்?” பெலாஜியின் குரல் சட்டென்று உயர்ந்தது. “எதையாவது ஒருநாள் முழுசா சொல்லியிருக்கானா உன் புருஷன்? நல்லாதான் ஆரம்பிப்பான். பேச்சு பேச்சா இருக்கும், கண்ணு மட்டும் உன் ஜன்னல் மேலதான். அங்க விளக்கு அணைஞ்சா போதும், பாதிப் பேச்சுல எழுந்துருவான். முடிச்சுட்டுப் போய்யான்னா, ‘அவ எழுந்துட்டா’ன்னு ஒரே வார்த்தை. பாலத்துல பாத்தா ஓடுவான். அந்த விளக்க நான் எத்தன தடவ சபிச்சிருப்பேன்னு உனக்குத் தெரியுமா?”

லியோனி திரும்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். குளிர்காலத்தில் இங்கிருந்து அவள் தன் வீட்டைப் பார்த்ததே இல்லை. முதல் நாள் வெயில் நிழல் கரையில் ஆம்லெட் ஆறும் நேரம்கூட நிற்பதில்லை, அது எப்போதோ போய்விட்டிருந்தது. எதிரே வீடுகள் ஒன்றுகூடத் துலங்கவில்லை, இருட்டாக ஒரு மலையடிவாரம்தான் தெரிந்தது. அதில் ஒரே ஒரு இடத்தில் மஞ்சளாக ஒரு சின்ன வெளிச்சம். காலையில் அணைக்க மறந்த விளக்கு.

மார்சலான் கையில் கோப்பையோடு வாசலுக்கு வந்தான். தாயின் பார்வை போன திசையில் பார்த்தான்.

“அம்மா, வீட்டுல விளக்கு எரியுது. நான் போய் அணைச்சுட்டு வந்துரட்டுமா?”

“வேணாம்டா. எரியட்டும்.”

அவன் உள்ளே போனான். லியோனி கறுப்புக் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, பெலாஜியின் பக்கம் திரும்பாமலே, “தெரிஞ்ச வரைக்கும் பாடு,” என்றாள்.