மகஜரில் ஆறு மஞ்சள் மீன்கள்

மீன்கள் வெளுத்திருந்தன.

இரண்டு நாள் டியூட்டி முடிந்து மதியம் கல்கத்தா பெஹாலா வீட்டுக்குத் திரும்பிய மகாதேவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் கண்ணாடித் தொட்டியின் முன் நின்றுவிட்டான். எலுமிச்சை மஞ்சளில் மின்னிய ஆறு கடல்மீன்களும் பழைய வேட்டி நிறத்தில், மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அவை அவனுடைய மீன்கள் அல்ல. கிடர்பூர் துறைமுகத்தில், சிங்கப்பூர்க் கப்பலிலிருந்து இறங்கிய பீப்பாயில் அவன் பிடித்த கடத்தல் சரக்கு. கஸ்டம்ஸ் கிடங்கில் மின்சாரம் இல்லை. "பூஜை லீவு முடியறவரைக்கும் உன் வீட்டுல வச்சுக்கோ" என்று வாயால் சொல்லிவிட்டு மேலதிகாரி பூரிக்கு ரயிலேறிவிட்டார். எழுத்தில் ஒரு வரி கிடையாது.

நாளை மறுநாள் பெரிய அதிகாரி வந்து, பறிமுதலின்போது எழுதிய மகஜரோடு மீன்களை ஒப்பிட்டுப் பார்ப்பார். 'பளீர் மஞ்சள், ஆறு.' கீழே மகாதேவனின் கையெழுத்து. நிறம் வேறானால் மீனை மாற்றி விற்றுவிட்டான் என்பார்கள். வேலை போகும். ஜெயிலும் உண்டு.

"மோட்டார் எங்கடி?"

"பூஜையில இருக்குன்னா." கல்யாணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நேத்து ஆயுத பூஜையாச்சே. ராகு காலம் கழிஞ்சு எடுக்கலாம்னு இருந்தேன்."

தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார், சந்தனம் குங்குமத்தோடு தையல் மிஷின் பக்கத்தில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

"கல்லெல்லாம் ஏன் இப்படிப் பளபளங்கறது?"

"முந்தாநாள் கொதிக்கக் கொதிக்க வெந்நீர்ல அலம்பினேன். மீன் நாத்தத்தோட பூஜை பண்ணுவாளா? மாடி வீட்டு பெங்காலி பௌதி வேற, இதை என்னிக்கு வறுக்கப் போறேள்னு கேட்டுச் சிரிக்கறா."

மோட்டாரைப் பாய்ந்தெடுத்து ஓட விட்டான். குமிழி வந்தது. நிறம் வரவில்லை.

தண்ணீரை மாற்ற வேண்டும். கடல் தண்ணீருக்குக் கல்கத்தாவில் எங்கே போவது? கப்பலில்தான் இருக்கும். ஜன்னலைத் திறந்தான். துர்கை சிலைகளை ஏற்றிய லாரிகள் தெருவை அடைத்து நின்றன. தாக் மேள முழக்கம் காதைக் கிழித்தது. பஸ் இல்லை, டாக்ஸி இல்லை.

காலிங் பெல் அலறியது.

வாசலில் கப்பல் ஏஜென்ட் ஏழுமலை. அந்தப் பீப்பாய் இவனுடையதுதான் என்று மகாதேவனுக்குத் தெரியும்; சாட்சிதான் இல்லை. இரண்டு கையிலும் இரண்டு பெரிய கேன்; பின்னால், சந்து வழியாக அவனைக் கொண்டுவந்த ரிக்‌ஷா.

"இன்னா சார், மீனு வெளுத்துப்போச்சா?"

"யார் சொன்னா உனக்கு?"

"லேக் மார்க்கெட் மளிகைக் கடையில நேத்து உங்க வூட்டம்மா கேட்டாங்க, கடல்மீனு நெறம் மங்குது, எந்த உப்பு போடறதுன்னு. பின்னால நின்னவன் நான்." உள்ளே எட்டிப் பார்த்தான். "கல்லைக் கழுவிட்டீங்களா! போச்சு. மீனோட கழிவு தண்ணியில அமோனியாவா மாறும் சார். அதைத் தின்னுற கிருமி அந்தக் கல்லுலதான் இருந்துச்சு. இப்ப மீனு அதோட மூத்திரத்துலயே வேகுது. ராத்திரி தாங்காது."

"கேன்ல என்ன?"

"நடுக்கடல் தண்ணி. கப்பல்லேருந்து."

"மீன் செத்தா உனக்குத்தானே லாபம்? எதுக்குக் கொண்டு வந்தே?"

ஏழுமலை சிரித்தான். "ஆறு மீனு போனா இன்னொரு பீப்பாய் வரும் சார். கஸ்டம்ஸ் ஆபீசர் கெடைக்கறதுதான் கஷ்டம்."

மகாதேவன் கதவை இழுத்தான். பாதியில் கை நின்றது. உண்மையை எழுதிக் கொடுத்தால்? மோட்டாருக்குப் பொட்டு வைத்தோம் என்றா? சாட்சிப் பொருள் உன் வீட்டுக்கு எப்படி வந்தது என்பார்கள். பூரிக்குப் போனவர் நான் சொல்லவே இல்லை என்பார். பின்னால் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்தது.

"யாருன்னா அது?" கல்யாணியின் குரல். "விஜயதசமியும் அதுவுமா வாசல்லயே நிக்க வெச்சிண்டு! உள்ள வரச் சொல்லுங்கோ."

மகாதேவன் வழிவிட்டான்.

கேன் தண்ணீரைத் தொட்டியில் மாற்றினார்கள். விளக்கேற்றும் நேரம் மீன்களின் துடுப்படியிலிருந்து மஞ்சள் மெல்ல ஊறி வந்தது. ஏழுமலை சுண்டல் பாத்திரத்தை வழித்துவிட்டு எழுந்தான்.

"காலி கேனை நீங்களே கப்பலுக்குக் கொண்டாந்து குடுத்துடுங்க சார். பகல்ல வாங்க. நாலு பேரு பாக்கட்டும்."

கல்யாணி தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினாள். "தெய்வம் மாதிரி வந்தேள். அடிக்கடி வாங்கோ."

"வருவேம்மா," என்றான் ஏழுமலை, மகாதேவனைப் பார்த்துக்கொண்டே. "கப்பல் வரும்போதெல்லாம்."