இரண்டு கடல் கூடும் முனை

“எங்கப்பாவ ஒங்க வரப்பு மேலதான் எடுத்துக்கினு போவணும், சார். வழி வுடுங்க.”

இதைத்தான் கேட்கக் கூடாது என்று மார்த்தாள் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். புருஷனின் பிணத்தருகே உட்கார்ந்திருந்தவள் மகளின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, “ஆசாரிகிட்ட சிலுவைய வாங்கு. ஆண்டே வூட்ல சேதிய சொல்லு. நேரா வாய்க்கா கரைக்கு வந்துடு. அத்த மட்டும் வாயத் தொறந்து கேட்டுடாதடி. நாளைக்கும் அவங்க கயனியிலதான் குனிஞ்சாவணும்” என்றாள். ஏஞ்சல் தலையை ஆட்டினாள். அந்தத் தெருவிலேயே முதல் பட்டதாரிக்குத் தலையாட்ட நன்றாகவே வரும்.

தாமோதரன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். முகம் வாடித்தான் இருந்தது. அதில் பொய் இல்லை. முப்பது நாற்பது வருஷமாக அவர் நிலத்துக்கு மடை திறந்து மடை அடைத்தவன் அவள் அப்பா வேதகிரி.

“கேள்விப்பட்டதும் கை கால் ஓடலம்மா. நேத்துகூட வந்தானே. வாய்க்கா இல்ல? எப்பவும் அதுலதானே போவீங்க?”

“கோடையில போவோம். இப்ப மார்மட்டுக்குத் தண்ணி போவுது, சார்.”

அவருக்குத் தெரியாததல்ல. ஏரி நிறைந்து கலங்கல் ஓடினால் காலனிக்கும் கல்லறைக்கும் நடுவே இருக்கும் வாய்க்கால் ஆறாகிவிடும். போன ஐப்பசியில் பாண்டியன் மாமாவை அதில்தான் கொண்டுபோனார்கள். தண்ணீருக்குள் இறங்கியதும் பெட்டி மிதந்தது. தூக்கிப் போனவர்களே அதை அமுக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஒரு கை வழுக்கியது. பெட்டி திரும்பிக்கொண்டு போய் வேலிகாத்தான் முள்ளில் மாட்டி நின்றது. அன்றைக்கும் சிலுவை தூக்கிக்கொண்டு முன்னால் போனவன் வேதகிரிதான். காலனியில் எந்தச் சாவுக்கும் சிலுவை அவன் தோளில்தான். “சிலுவைக்கு முன்னால ஆளு போவக் கூடாது, சிலுவைய வுட்டுட்டுப் பொட்டி போவக் கூடாது” என்பான். முள்ளில் மாட்டிய பெட்டிக்காகக் கழுத்தளவுத் தண்ணீரில் சிலுவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் நின்ற நிற்பு ஏஞ்சலுக்கு இன்னும் கண்ணிலேயே இருந்தது.

அவளுக்கு நேர் எதிரே, வராண்டா சுவரில், கதவகலத்துக்குச் சட்டம் போட்ட படம் ஒன்று தொங்கியது. டென்மார்க்கில் எடுத்தது. எடுத்தவள் அவள்தான்.

ஆடி மாதம், அங்கே வேலை பார்க்கும் மகன் வெங்கடேசன் தாமோதரனையும் அவர் மனைவி சுலோச்சனாவையும் அழைத்திருந்தான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை; இவர்களுக்கு இங்கிலீஷ் வராது. பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஏஞ்சல், இங்கிருந்தபடியே, போனில் வீடியோ காலில் கூடவே போனாள். கோப்பன்ஹேகனில் கால்வாய் ஓரத்து மஞ்சள், சிவப்பு, நீல வீடுகளைப் பார்த்தாள். அங்கே தாமோதரன் சைக்கிள் பாதையில் கையை வீசிக்கொண்டு நடக்க, மணி அடித்துக்கொண்டு வந்த ஒரு பெண் நின்று திட்டிவிட்டுப் போனாள். “இன்னா சொல்றா இவ?” என்றார். “அது சைக்கிளுக்கு வுட்ட வழியாம் சார், ஓரமா வாங்க” என்றாள் ஏஞ்சல். “அடேங்கப்பா, சைக்கிளுக்கே தனி வழியா!” என்று வீடு திரும்பும் வரை சொல்லிச் சொல்லி மாய்ந்தார். ஓர்ஹூஸில் ஒரு கட்டடத்தின் கூரைமேல் வண்ணக் கண்ணாடி வட்டத்துக்குள் நடந்து ஊர் முழுவதையும் ஏழு நிறத்தில் பார்த்தார்கள். சுண்ணாம்பு மலை செங்குத்தாகக் கடலில் இறங்கும் இடத்தில் சுலோச்சனாவுக்குத் தலை சுற்றியது. ரயிலில் எதிரே இருந்தவரிடம், ஆயிரம் வருஷத்துக்கு முன்பே எங்கள் உத்திரமேரூரில் குடவோலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்தோம் என்று தாமோதரன் பெருமை அடித்தார். ஏஞ்சல்தான் அதையும் இங்கிலீஷில் சொன்னாள். எங்கள் என்று சொல்லும்போது அவளுக்கு நாக்கு கொஞ்சம் இடறியது.

கடைசியாக வடக்கே ஸ்காகன் முனை. இரண்டு பக்கத்துக் கடலும் ஓடி வந்து ஒன்றின்மேல் ஒன்று மோதும் மணல்மூக்கு. அதைப் பார்த்ததும் தாமோதரன் செருப்பைக் கழற்றிவிட்டார். அன்றைக்கு ஆடி அமாவாசை. “ரெண்டு தண்ணி கூடுதும்மா. இத்த வுட்டுட்டு எங்க நைனாவுக்கு வேற எங்க தண்ணி வுடறது?” எள்ளுக்கு எங்கே போவது? சுலோச்சனா கையிலிருந்த பன்னின்மேல் ஒட்டியிருந்த எள்ளைச் சுரண்டிக் கொடுத்தாள். அவர் கணுக்கால்வரை தண்ணீரில் இறங்கினார். போட்டோவுக்காக அங்கே கூட்டம் முட்டிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டச் சொல்லி ஏஞ்சல் போனிலிருந்தே கத்தினாள்: இவர் செத்துப்போன தகப்பனுக்குத் தண்ணீர் விடுகிறார், கொஞ்சம் இடம் கொடுங்கள். நெட்டை நெட்டையான அந்த ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பின்னால் நகர்ந்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார், அதைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். அந்த நேரத்தில்தான் அவள் போன் திரையிலிருந்தே படத்தைப் பிடித்தாள்.

இங்கே வீட்டில், அவள் முதுகுக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து வேதகிரியும் பார்த்துக்கொண்டிருந்தான். தாமோதரனின் அப்பா, பெரிய ஆண்டேவுக்கு ஏர் ஓட்டியவன். தன்னை அறியாமல் கை கூப்பினான்.

“அவங்கள்லாம் ஏன் தள்ளிக்கினு போறாங்க?”

“வழி வுடறாங்கப்பா.”

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

“நீ கேக்கறது நாயம்தாம்மா,” என்றார் தாமோதரன். “நெலம் என்துதான். ஆனா ஊருன்னு ஒண்ணு கீது. இன்னிக்கு ஒரு பொட்டிக்கு வுட்டா நாளைக்கு அதுவே பாட்டையாயிடும். நெல்லு வேற பால் புடிச்சிக்கினு கீது.”

“வரப்பு மேல நடந்தா நெல்லுக்கு இன்னா சார் ஆவும்?”

உள்ளேயிருந்து சுலோச்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “ஏங்க, அந்தப் புதுத் தார்ப்பாய எட்தாந்து குடுங்க. சுத்திக் கட்டினா பொட்டிக்குள்ள தண்ணி போவாது. பாவம், நல்ல மனுசன்.”

அவள் மனசாரத்தான் சொன்னாள். ஏஞ்சலுக்கு அதுதான் தாங்கவில்லை. கெட்டவர்களாக இருந்தால் காறித் துப்பிவிட்டுப் போகலாம்.

“யம்மா, தார்ப்பாய் நெல்லுக்கு ஆவும், வைங்க.” சுவரைக் காட்டினாள். “சார், இந்தப் படத்துல ஓரமா தொப்பிய கயட்டிக்கினு நிக்கறாங்களே, அவங்க யாரு ஒங்களுக்கு? மாமனா மச்சானா?”

தாமோதரன் படத்தைப் பார்த்தார். பிறகு, கோபமே இல்லாமல், கணக்கு தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:

“அங்க நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாதும்மா. இங்க நீ யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.”

வெளியே தூறல் வலுத்தது. இவ்வளவு நேர்மையாக ஒரு பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. இனி கேட்க ஒன்றும் இல்லை. உண்மையில் கேட்பதற்காகவும் அவள் வரவில்லை. ஆசாரி வீட்டில் சிலுவையை வாங்கியபோது, பையன் யாரிடமாவது கொடுத்தனுப்பட்டுமா என்று அவர் கேட்டார். “நானே எடுத்துக்கினு போறேன்” என்று அவள் சொன்னாளே, எந்த வழி என்று அப்போதே முடிவாகிவிட்டது. இல்லை என்று அவர் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பதற்குத்தான் இந்த வீடு.

“எங்கம்மா போறே? ஏஞ்சலு! டீயாவது குட்ச்சிட்டுப் போ,” என்றாள் சுலோச்சனா.

ஏஞ்சல் படியிறங்கினாள். கேட்டருகே சாய்த்து வைத்திருந்த வேப்பம்பலகைச் சிலுவையை எடுத்துத் தோளில் போட்டாள். வெள்ளை பெயிண்டில் எழுதிய அப்பாவின் பெயர் இன்னும் காயவில்லை. மழையில் கரைந்து சுடிதாரில் கோடு இழுத்தது. இடப்பக்கம் போனால் வாய்க்கால் கரை. அவள் செருப்பை விட்டுவிட்டு வலப்பக்கம் திரும்பி, கல்லறைக்குப் போகும் வரப்பில் கால் வைத்தாள்.

தூரத்தில், கரையில், பெட்டி ஆட்களின் தோளில் ஏறியிருந்தது. சிலுவைக்காகக் காத்திருந்தார்கள். யாரோ கை நீட்டி அவளைக் காட்ட, எல்லாத் தலையும் இந்தப் பக்கம் திரும்பியது. அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு, வராதே என்றோ போகாதே என்றோ கையை ஆட்டினாள். யாரும் பின்னால் வரப்போவதில்லை என்று ஏஞ்சலுக்குத் தெரியும். அவளுக்குப் பின்னால் கேட் திறக்கும் சத்தமும், தாமோதரன் போனில் யாரையோ கூப்பிடும் சத்தமும் கேட்டன.

பெட்டி தண்ணீரில் இறங்கவும் இல்லை, வரப்புப் பக்கம் திரும்பவும் இல்லை. தோள்களின்மேல் மழையில் நனைந்துகொண்டு நின்றது. அவள் சேறு வழுக்காமல் விரலை ஊன்றி, அடுத்த அடியை வைத்தாள்.