சட்டைப் பையில் ஏழு சீட்டுகள்

நூற்று இருபத்திரண்டு, அதெப்படி நூற்று இருபத்திரண்டு வரும், இன்று காலையில்கூட அவள்தானே அவர் கையில் பட்டையைச் சுற்றினாள், நூற்று ஐம்பத்தாறு என்று அவள்தானே குறிப்பேட்டில் எழுதினாள்… துவைக்கப் போட்ட கணவனின் சட்டைப் பையில் கிடைத்த ஏழு சீட்டுகளையும் ஓக்ஜூ மறுபடி புரட்டினாள். எல்லாம் அவள் இப்போது வந்து நிற்கும் இந்த வார்டு அலுவலகத்து இரத்த அழுத்த இயந்திரம் துப்பியவை, தேதி நேரத்தோடு. மலைப்பக்கம் நடக்கப் போகிறேன் என்று தினமும் கிளம்பும் மனுஷர் இங்கே வந்துதான் கையை நுழைத்திருக்கிறார். அப்படியானால் வீட்டில் ஏறுவது எதனால், உப்பில் ஊறிய கிம்ச்சி முட்டைக்கோஸாலா, அதைத்தான் ஆறு மாதமாகத் தண்ணீரில் அலசி அலசித் தருகிறாளே, சூப்பில் உப்பை நிறுத்தி, அவர் குடிக்கும் சோஜு சாராய பாட்டிலை ஒளித்து, "பேசாம உக்காருங்க, காலைப் பின்னாதீங்க, மூச்சை இழுத்து விடுங்க" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தி… இருபத்தேழு வருஷம் குடித்தனம் நடத்தியபிறகு, மருத்துவர் விலக்கச் சொன்ன அந்த மன உளைச்சல் அவள்தானா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

இயந்திரம் கெட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான், நிரூபித்துவிடலாம் என்று தன் கையையே உள்ளே விட்டாள். அது இறுக்கிப் பிடித்து மெல்ல விட்டது, நூற்றுப் பதினெட்டு. இவ்வளவு எரிச்சலிலுமா? வீட்டில் "உனக்கு எவ்ளோ?" என்று அவர் எட்டிப் பார்க்கும்போது ஒருநாளும் நூற்று நாற்பதுக்குக் கீழே இறங்கியதில்லையே… இயந்திரம் நீட்டிய சீட்டைக் கிழித்தெடுக்கும்போது கதவு திறந்தது, அவள் கணவர் பியோங்சு.

"நீ எங்கம்மா இங்க?"

"பழைய சோபாவைக் குப்பையில போடணும்னா இங்க பணம் கட்டி ஸ்டிக்கர் வாங்கி ஒட்டணுமே, அதுக்கு வந்தேன். நீங்க மலைக்குப் போகலையா?"

"போயிட்டுதான் வர்றேன்… தண்ணி குடிக்கலாம்னு."

காலணியில் பொட்டு மண் இல்லை, பொய்யைப் பார்.

"அப்போ குடிங்க" என்றாள்.

பாவம், காகிதக் குவளையில் இரண்டு முறை பிடித்துக் குடித்தார், கண் மட்டும் இயந்திரத்தின் மேலேயே. எட்டுச் சீட்டும் அவள் உள்ளங்கையில் கசங்கின. நெஞ்சு அடித்துக்கொண்டது, இப்போது இயந்திரத்துக்குள் கையை விட்டால் நூற்று ஐம்பதாவது காட்டும், கோபமா, பயமா, என்ன இழவு இது… கல்யாணத்துக்கு முன் டேகு பேருந்து நிலையத்தில் இவர் இறங்கி வரும்போதெல்லாம் இதே மாதிரிதான் அடித்தது, அப்போது அதை அளந்து பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை.